ஒரே எண், வேறு வேறு உடம்பு

நிலக்கோட்டை மாதிரி ஊர்களில் ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் தேடி இப்போது யாரும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுவதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு தாள் கைக்கு வந்துவிடும். நடுவில் நம் எண். அதற்கு வலப்பக்கம், சின்ன எழுத்தில், இருக்க வேண்டிய அளவு. நம் எண் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அன்றைக்கு வீட்டில் அதுதான் பேச்சு. முன்பெல்லாம் சுகர், கொழுப்பு, தைராய்டு என்று இருந்த பட்டியலில் இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும்கூட இப்போது சேர்ந்துவிட்டன. 'முப்பது வயதைத் தாண்டிய ஆண்களா? உங்கள் ஹார்மோன் அளவு தெரியுமா?' என்று செல்போனில் விளம்பரம் வருகிறது.

வலப்பக்கத்து எண்கள் யாருடைய உடம்பிலிருந்து எடுத்தவை என்று கேட்பாரில்லை. டெஸ்டோஸ்டிரோனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த நான்கு பெரிய ஆய்வுகளிலிருந்து ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைச் சேர்த்து, பருமனில்லாத 19 முதல் 39 வயதுக்காரர்களுக்கு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இருக்கலாம் என்று 2017-இல் வரையறுத்தார்கள். நேர்மையான, கவனமான வேலைதான். ஆனால் அது சின்ன வயதில் வயிறார உண்டு, அடிக்கடி பேதியோ காய்ச்சலோ குடற்புழுவோ படுத்தாமல் வளர்ந்த உடம்புகளின் வரையறை. உலகத்தில் எல்லா உடம்பும் அப்படி வளர்வதில்லை.

பொலிவியாவில், அமேசான் காட்டின் தாழ்நிலத்தில் சிமானே என்ற மக்கள் வாழ்கிறார்கள். நெல், மரவள்ளி, வாழை, மக்காச்சோளம் பயிரிடுகிறார்கள், ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள், காட்டில் வேட்டையாடுகிறார்கள். அவர்களில் 40 முதல் 94 வயது வரையிலான 705 பேரை ஆறும் மண்சாலையும் கடந்து டிரினிடாட் என்ற ஊருக்குக் கூட்டிவந்து, இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தது மானிடவியலாளர் ஹில்லார்டு கப்லான் தலைமையிலான குழு. 2017-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. நூற்றுக்கு 85 பேரின் தமனிகளில் சுண்ணாம்பே இல்லை. 75 வயதைத் தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அப்படியே சுத்தமாக இருந்தார்கள். அதுவரை அளந்து பார்த்த எந்த மக்கள் கூட்டத்திலும் இவ்வளவு ஆரோக்கியமான இதயத் தமனிகளைக் கண்டதில்லை என்று எழுதினார்கள்.

இந்த சிமானே கிழவர் ஒருவர் நம் ஊர் லேபுக்கு வந்தால் அவருடைய தாள் எப்படி இருக்கும்? கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். சராசரியாக 91, மருத்துவர் தலையாட்டுவார். நல்ல கொழுப்பு எச்.டி.எல். 39.5, தடித்த எழுத்து. உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அவர்களில் பாதிப் பேருக்கு அதிகம். மறுபடியும் தடித்த எழுத்து. சாப்பாட்டில் 72 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் உணவு ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். டெஸ்டோஸ்டிரோனோ அமெரிக்க ஆண்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. அந்த செல்போன் விளம்பரக்காரருக்கு இவரைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

இத்தனை 'கோளாறு' உள்ள மனிதருக்கு மாரடைப்பு வருவது மிக அரிது.

டெஸ்டோஸ்டிரோன் ஏன் குறைவு? அது உடம்புக்குச் செலவு வைக்கிற ஹார்மோன். தசையை வளர்க்கும், வளர்ந்த தசைக்குத் தினமும் தீனி போட வேண்டும். நோய் எதிர்ப்பு வேலைகள் சிலவற்றை அடக்கியும் வைக்கும். சாப்பாடு அளந்து கிடைக்கிற இடத்தில், கிருமியும் புழுவும் எப்போதும் உடம்பில் குடியிருக்கிற இடத்தில், இந்தச் செலவைக் குறைத்துக்கொள்வது லாபம். மூளையின் அடியிலிருந்து விரைகளுக்குப் போகும் உத்தரவு தணிகிறது, அளவு இறங்குகிறது. ஆனால் தேவைப்படும்போது ஏறாமல் போவதில்லை. பெஞ்சமின் டிரம்பிள் என்ற ஆய்வாளர் சிமானே ஆண்களின் எச்சிலைக் கால்பந்தாட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்: 30 சதவீத ஏற்றம். காட்டைத் திருத்த ஒரு மணிநேரம் மரம் வெட்டிய பிறகு: 47 சதவீதம். ஆட்டத்தைவிட வேலைக்கு அதிகம் ஏறியது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு தொடர்புள்ள இன்னொரு செய்தி, நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆர்வமாக இருக்கும். வயதானால் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது விதி என்று நினைக்கிறோம். சிமானே ஆண்களின் புராஸ்டேட், வயதுக்கு ஏற்பக் கணக்கிட்டால், அமெரிக்க ஆண்களுடையதைவிட 62 சதவீதம் சிறியது.

ஹார்வர்டில் இருந்த பீட்டர் எலிசன் 2002-இல் நான்கு இடத்து ஆண்களை ஒப்பிட்டார்: அமெரிக்கா, காங்கோவின் லெசே மக்கள், பராகுவேயின் ஆசே மக்கள், நேபாளத்தின் தமாங் மக்கள். இளவயதில்தான் வித்தியாசம் பெரிது. அமெரிக்கர் எல்லாரையும்விட மேலே. அறுபதுக்குப் பக்கம் வரும்போது நால்வரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். 'வயதாக ஆக ஹார்மோன் சரிகிறது' என்று சொல்வதெல்லாம் பெருமளவு, உயரத்தில் தொடங்கியவர்களின் கதை. நேபாளத்து மலைக்காரருக்குச் சரிவதற்கு அதிகம் இல்லை.

இது இனத்தின் குணமோ என்று சந்தேகம் வரலாம். அதற்கும் நல்ல பதில் இருக்கிறது, அதுவும் நம் துணைக்கண்டத்திலிருந்தே. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களை டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கெசன் மாகிட், கிலியன் பென்ட்லி குழு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. சின்ன வயதில் லண்டன் வந்து அங்கே வளர்ந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம், பருவம் முன்னதாக வந்தது, உயரமும் கூடுதல். வளர்ந்து ஆளான பிறகு லண்டன் வந்தவர்களுக்கு, எத்தனை வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும், ஊரிலேயே இருந்தவர்களின் அளவுதான். சில்ஹெட்டில் அளந்தவர்கள் பட்டினி கிடந்தவர்களும் அல்ல, ஓரளவு வசதியான குடும்பத்தினர்தான். ஆகவே வெறும் சாப்பாடு மட்டுமில்லை. சிறுவயதில் எத்தனை நோயோடு போராட வேண்டியிருந்தது என்பதும் சேர்ந்தே அளவைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். பெண்களின் புரொஜெஸ்டரோனிலும் இதே போக்கை அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2007-இலேயே காட்டியிருந்தார்கள். ஒரே ரத்தம், ஒரே ஊர். வளர்ந்த இடம் மாறியதும் ஹார்மோனின் நிலைமட்டம் மாறிவிட்டது.

போகிற போக்கில் ஒன்று. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை நாலரை வருட இடைவெளியில் இரண்டு முறை அளந்தார்கள். இடையில் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகவே இறங்கியிருந்தது. குழந்தையைத் தூக்கிவைத்துக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. குறைவான எண் என்றாலே நோய் என்று எடுத்துக்கொண்டால், நல்ல தகப்பன்மாரையெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனி இதே குறைந்த எண்ணோடு வேறொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஜாரில் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தைந்து. காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை கல்லாவில். வயிறு சட்டைப் பொத்தானை முட்டுகிறது. இவருக்கும் டெஸ்டோஸ்டிரோன் சிமானே வேட்டைக்காரர் அளவுக்குத்தான் இருக்கிறது. காரணம் முற்றிலும் வேறு. வயிற்றுக் கொழுப்பில் உள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ரத்தத்தில் எப்போதும் மிதமிஞ்சி நிற்கும் இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதைத் தடுக்கிறது. அவருடைய குறைந்த எண், அவருக்குள் நடக்கும் வேறொரு கோளாறின் அடையாளம். எடை குறைந்தால் அது தானாகவே மேலே ஏறும்.

டெஸ்டோஸ்டிரோனை மருந்தாகக் கொடுத்தால்? அமெரிக்காவில் 45 முதல் 80 வயது வரையிலான, இதய நோய் உள்ள அல்லது வரும் வாய்ப்பு அதிகமுள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்திய 'டிராவர்ஸ்' சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் பூசியவர்களில் 7.0 சதவீதம் பேருக்கும், வெற்றுக் களிம்பு பூசியவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயக் காரணத்தால் மரணம் நேர்ந்தது. வித்தியாசம் இல்லை. மருந்து பூசியவர்களில் இதயத் துடிப்புத் தாளம் தப்புவதும் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பதும் கொஞ்சம் கூடியிருந்தன. எண்ணை மேலே தூக்கியாயிற்று. இதயத்துக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஆக, கவனிக்க வேண்டியது இன்சுலினை. அது சர்க்கரைக்கான ஹார்மோன் என்றுதான் ஊரில் பேச்சு. அதன் கை அதைவிட நீளம். கொழுப்பைச் சேமிக்கச் சொல்வதும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கத் தூண்டுவதும் அதுதான். தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்காமல் மந்தமாகும்போது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. கல்லீரல் டிரைகிளிசரைடைக் கொட்டுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, மாரடைப்பு என்று தனித்தனியாகப் பார்த்தவற்றை ஜெரால்டு ரீவன் 1988-இல் இந்த ஒரே முடிச்சில் கட்டிக் காட்டினார். பெண்களிடம் இதே அதிக இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் ரோமம் வளர்ந்து, 'நீர்க்கட்டி' என்று சொல்லி இளம்பெண்கள் ஸ்கேன் எடுக்கப் போகிறார்களே, அவர்களில் பலருக்குப் பின்னணியில் இருப்பது இதுதான். கடைக்காரருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்கும் அவர் மகளுக்கு அது கூடுவதற்கும் ஒரே இன்சுலின் காரணமாக இருக்க முடியும்.

பப்புவா நியூ கினியின் கிடாவா தீவில் சுவீடன் மருத்துவர் ஸ்டாபன் லின்டபெர்க் 1990-ஐ ஒட்டி ஆய்வு செய்தார். வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சேம்பு, தேங்காய், மீன், பழம்: அதுதான் சாப்பாடு. நம் பழனி மலையடிவாரத்தில் பளியர்கள் தோண்டியெடுக்கும் காட்டு வள்ளிக்கு அந்தத் தீவின் கிழங்கு நெருங்கிய உறவு. தேங்காயின் நிறைவுறு கொழுப்பு ஏராளம். ஆண்களும் பெண்களும் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். இருந்தும் மாரடைப்போ பக்கவாதமோ அங்கே தென்படவில்லை. அவர்களின் ரத்தத்தை சுவீடனில் அளந்தபோது, 50 வயதுக்கு மேற்பட்ட கிடாவாக்காரர்களின் வெறும்வயிற்று இன்சுலின், அதே வயதுச் சுவீடன்காரர்களுடையதில் பாதிதான். சுவீடனில் வயதோடு அது ஏறிக்கொண்டே போனது, தீவில் இறங்கியது.

சிமானே மாவு தின்கிறார், கிடாவாக்காரர் தேங்காய் தின்கிறார். அப்படியானால் பொதுவாக இருப்பது எது? இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி என்ற ஊரையொட்டி மொவாஞ்சம் என்ற பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. கெரின் ஓடீ என்ற பெண் விஞ்ஞானி அங்கே சர்க்கரை நோய் உள்ள பத்துப் பேரிடம் பேசினார். நடுவயதினர், சராசரி எடை 82 கிலோ. மாவு, சர்க்கரை, சோடா, கொழுத்த இறைச்சி என்று கடைச் சாப்பாட்டுக்குப் பழகியவர்கள். ஆனால் காட்டில் வாழும் வித்தை மறந்துபோகாதவர்கள். ஏழு வாரம் தங்கள் பழைய நிலத்துக்குத் திரும்பிப்போய், வேட்டையாடியும் தோண்டியும் மீன் பிடித்தும் மட்டுமே சாப்பிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஓடீயும் கூடவே போனார். கங்காரு, நன்னீர் மீன், ஆமை, கிழங்கு, காட்டுத்தேன். இரண்டு வாரம் அவர்கள் தின்றதையெல்லாம் நிறுத்துக் கணக்கிட்டதில், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,200 கலோரி. அதில் 64 சதவீதம் மாமிசத்திலிருந்து. சிமானே சாப்பாட்டுக்கு நேரெதிர். ஆனால் காட்டு விலங்கில் கொழுப்பு கம்மி என்பதால் மொத்தக் கொழுப்பு 13 சதவீதம்தான்.

ஏழு வாரம் கழித்து ஒவ்வொருவரும் சராசரியாக 8 கிலோ இளைத்திருந்தார்கள். வெறும்வயிற்றுச் சர்க்கரை, நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 209-லிருந்து 119-க்கு வந்துவிட்டது. இன்சுலின் 23-லிருந்து 12. டிரைகிளிசரைடு சுமார் 350-லிருந்து 106. குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்த்தபோது கணையமும் முன்னைவிடச் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னது. 1984-இல் வெளியான இந்த ஆய்வில் பத்தே பேர்தான். ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. குறைச் சாப்பாடா, நடையா, இளைப்பா எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இருந்தாலும் ஹார்மோன் நிற்கும் மட்டத்தை மரபணுவைவிட அன்றாட வாழ்வு எவ்வளவு வேகமாக அசைத்துவிடுகிறது என்பதை இதைவிட யாரும் எளிமையாகக் காட்டவில்லை.

மாவா மாமிசமா என்ற சண்டை இதோடு எனக்கு அலுத்துவிட்டது. 'ஆதிமனித உணவு' என்று விற்கிறவர்கள் ஓடீயின் ஆய்வைக் காட்டுவார்கள், சிமானேயைக் காட்டமாட்டார்கள். இந்த மக்களிடம் பொதுவாக இருப்பது இரண்டு: செலவைவிட வரவு மிஞ்சாத சாப்பாடு, நாள் முழுக்க அசைகிற உடம்பு. சிமானே ஆண்கள் தினம் 6 முதல் 7 மணிநேரமும் பெண்கள் 4 முதல் 6 மணிநேரமும் உடலுழைப்பில் இருக்கிறார்கள். வியர்வை சொட்டும் ஓட்டமல்ல. நடை, குனிதல், தூக்குதல், வெட்டுதல்.

அசைவது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய, இன்சுலின் வந்து தட்டினால் செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் குளூட்-4 என்ற புரதங்கள் செல்லின் விளிம்புக்கு வந்து வழிவிடும். ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலின் தட்டாமலேயே அதே புரதங்கள் மேலே வந்துவிடுகின்றன. உழைக்கிற உடம்புக்குப் பின்வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. கணையத்துக்கு வேலை குறைவு. ரத்தத்தில் இன்சுலின் குறைவு. கல்லீரலும் சிறுநீரகமும் நிம்மதியாக இருக்கின்றன. இந்த விளைவு ஒரு நாள், இரண்டு நாள்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தால் புதன்கிழமைக்கு அது போதாது.

இதை நிலக்கோட்டையில் வைத்துப் பார்க்கலாம். விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் இறங்கி, மொட்டு விரிவதற்குள் பறித்து முடிக்கிற பெண்ணின் கால், இடுப்பு, தோள் எல்லாம் காலை முழுக்க ஓயாமல் அசைகின்றன. அதே மல்லிகை மார்க்கெட்டுக்கு வந்து ஏலம் போனபின், அதைக் கட்டுகிற பெண் மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் பறக்கின்றன, தொடைத் தசை தூங்குகிறது. இருவர் வீட்டிலும் ரேஷன் அரிசிச் சோறுதான். சோறு ஒன்றாக இருந்தாலும் அதை எரிக்கும் தசை ஒன்றாக இல்லை.

இந்தக் கரிசலும் செம்மண்ணும் கலந்த சமவெளியில் முன்பு சோளமும் கம்புமே முக்கியச் சாப்பாடு. நெல்லுச்சோறு விசேஷ நாளைக்கு. இன்று மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழு நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வில், நகரத்தவரின் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதும், அதை அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் தொப்பையும் கூடுவதும் தெரிந்தது. சிமானேயும் அரிசி தின்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். உட்கார்ந்த உடம்பில் விழும்போதுதான் அரிசி வேறாகிறது.

கிராமம் என்றால் பாதுகாப்பு என்ற காலம் போய்விட்டதையும் தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 1989-ஐ ஒட்டிக் கணக்கெடுத்தபோது சென்னையில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சர்க்கரை நோய். கிராமத்தில் இரண்டு சொச்சம். 2006-இல் சென்னையில் 18.6 சதவீதம், காஞ்சிபுரம் நகரில் 16.4, ஊர்ப்புறத்துக் கிராமங்களில் 9.2. கவனியுங்கள்: சிறுநகரம் பெருநகரத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. பவர் டில்லர், சொட்டுநீர்க் குழாய், ஷேர் ஆட்டோ, வீட்டுக்கு வீடு டூவீலர் என்று வந்தபின், நிலக்கோட்டை அளவுள்ள ஊர்கள் உழைப்பில் பட்டணமாகி, வருமானத்தில் இன்னும் கிராமமாக இருக்கின்றன.

'அவன் ஒல்லியாத்தானே இருக்கான், அவனுக்கு எப்படி சுகர் வந்துச்சு?' இந்தக் கேள்வியை இங்கே ஒவ்வொரு துக்க வீட்டிலும் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் கேட்கலாம். மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. புனேயில் இருக்கிறது.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக், சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் பின்தொடர்ந்துவருகிறார். அங்கே பிறந்த குழந்தையின் எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் மூன்றரை. கையும் வயிறும் தசையும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தை லண்டன் வெள்ளைக்காரக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, எடை குறைந்த இந்தியக் குழந்தைக்கு இன்சுலினும், கொழுப்புச் செல் சுரக்கும் லெப்டினும் கூடுதலாக இருந்தன. பிறக்கும்போதே மெலிந்த உருவத்துக்குள் கொழுத்த உடம்பு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 18 வயதானபோது, பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட எடை குறைவு. ஆனால் இளைஞர்களில் 37 சதவீதத்துக்கும் பெண்களில் 18 சதவீதத்துக்கும் குளுக்கோஸ் அளவு ஏற்கெனவே வரம்பு மீறியிருந்தது.

இதை உலகத்துக்குப் புரியவைக்க யாஜ்னிக் ஒரு வேடிக்கை செய்தார். அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் சேர்ந்து நிற்கும் படத்தை 2004-இல் 'லான்செட்' வெளியிட்டது. உயரத்துக்கு எடை என்ற பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் 22.3. ஸ்கேன் எடுத்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. ஓடுகிறவருக்கும் ஓடாதவருக்கும் உள்ள வித்தியாசமும் அதில் கொஞ்சம் உண்டு என்று அவர்களே சிரித்துக்கொண்டார்கள். நமக்கு 25-க்குப் பதில் 23-லேயே எடை அதிகம் என்று எச்சரிப்பதும், இடுப்பளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று இறுக்கிப் பிடிப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

ஒல்லியில் இன்னொரு வகை உண்டு. அது வேலூரில் தெரிகிறது.

கூலி வேலைக்காரர்கள். சின்ன வயதில் வயிறு நிறையாதவர்கள். பி.எம்.ஐ. 19-க்கும் கீழ். தொப்பை கிடையாது, உழைப்புக்குக் குறைவு கிடையாது. சர்க்கரை முந்நூறைத் தாண்டும். இவர்களை, கணையம் இன்சுலின் சுரக்காத முதல் வகையில் சேர்ப்பதா, இன்சுலின் பேச்சு எடுபடாத இரண்டாம் வகையில் சேர்ப்பதா என்று மருத்துவர்கள் பல காலம் குழம்பினார்கள். 1955-இல் ஜமைக்காவில் ஒருவர் இதைக் கவனித்து எழுதினார். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டக்குறைவுச் சர்க்கரை நோய்' என்று பட்டியலில் சேர்த்தது. சான்று போதவில்லை என்று 1999-இல் எடுத்தும்விட்டது. நியூயார்க்கின் மெரடித் ஹாக்கின்ஸும் வேலூர் சி.எம்.சி.யின் நிஹால் தாமஸும் விடவில்லை. 73 இந்திய ஆண்களை மணிக்கணக்கில் சொட்டு ஏற்றி, ஒவ்வொருவரின் கணையம் எவ்வளவு சுரக்கிறது, தசையும் கல்லீரலும் எவ்வளவு கேட்கின்றன என்று அளந்து 2022-இல் வெளியிட்டார்கள். இந்த ஒல்லி ஆட்களின் தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சை நன்றாகவே கேட்டன. கல்லீரலில் கொழுப்பும் குறைவு. குறை, கணையத்தில்: கருவிலோ குழந்தைப் பருவத்திலோ அது முழுதாக வளராமல் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கிடாவா மீனவருக்கும் இவருக்கும் வெறும்வயிற்று இன்சுலின் எடுத்தால் இருவருடைய தாளிலும் குறைவு என்றுதான் வரும். ஒருவருக்குத் தேவை இல்லாததால் குறைவு. இன்னொருவருக்குத் தேவை இருந்தும் சுரக்க முடியாததால் குறைவு. ஹார்மோன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'பழங்கால மக்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள்' என்று எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். குறைச் சாப்பாட்டில் வளர்ந்த எல்லா உடம்பும் சிமானே உடம்பாக ஆகிவிடவில்லை. அந்த சிமானேயிலும் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1990-களில் ஐம்பது சொச்சம்தான். சுத்தமான தமனியோடு தொற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். மோட்டார் படகும் சமையல் எண்ணெயும் சர்க்கரையும் இப்போது அவர்களையும் எட்டியாயிற்று.

வேலூரில் கண்ட இந்த நோயை 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்று பெயரிட்டு ஏற்றது. உலகத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெயரால் என்ன லாபம் என்றால், மருந்துச் சீட்டு மாறும். முதல் வகை என்று நினைத்து நிறைய இன்சுலின் எழுதினால், இன்சுலினை நன்றாகக் கேட்கிற இந்த உடம்பில் சர்க்கரை தடாலென்று இறங்கும். இரவுச் சாப்பாடு உறுதியில்லாத வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டாம் வகை என்று நினைத்து 'சோற்றைக் குறை, எடையைக் குறை' என்றால், ஏற்கெனவே 45 கிலோவில் இருப்பவர் எதைக் குறைப்பார்? 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். பூந்தோட்டத்துக் கூலிக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை முந்நூறு காட்டினால், அடுத்து எடுக்க வேண்டியது இடுப்புக்கு ஒரு டேப், கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க ஒரு சி-பெப்டைடு பரிசோதனை. அதற்கும் முன்னால் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: சின்ன வயதில் வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரிந்தது, இன்றைக்கு ராத்திரி எரியுமா.